பேசும்படக் காலத்துக் குழந்தை நடிகர்கள்: ஊட்டியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பள்ளிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் பழைய தமிழ் சினிமா பற்றிப் பேசி வருகிறேன். எந்தப் படத்தில் ஆரம்பித்தாலும் கேள்விகள் கடைசியில் அந்தக் காலத்துக் குழந்தை நடிகர்களிடம்தான் வந்து நிற்கும். காரணம் இல்லாமல் இல்லை. இங்கே வருஷம் முழுக்க ஷூட்டிங். யார் வீட்டுப் பிள்ளையையாவது வந்து கேட்பார்கள். அப்பா அம்மாவுக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

1931 முதல் 1940களின் நடுப்பகுதி வரை. 1931 மார்ச்சில் பம்பாயில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' வந்தது. அதே வருஷம் அக்டோபர் 31 அன்று டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வந்தது. தமிழில் பேச்சும் பாட்டும் திரையில் கேட்டது அன்றுதான்.

ஆரம்பப் படங்களில் குழந்தைகளுக்கு அவ்வளவு வேலை எப்படி வந்தது?

படமெல்லாம் புராணம். புராணத்தில் குழந்தைகளுக்குக் குறைவே இல்லை: பிரகலாதன், துருவன், மார்க்கண்டேயன், லோகிதாசன், லவன், குசன், கோகுலத்துக் கண்ணன். கதையே அந்தப் பிள்ளையின் தலையில்தான் நிற்கும். பிரகலாதன் சரியாகப் பாடவில்லை என்றால் தூணிலிருந்து நரசிம்மர் வந்தும் பயனில்லை.

தெலுங்கில் 1932இல் எச்.எம். ரெட்டியின் 'பக்த பிரகலாதா' வந்தது. 1934இல் 'லவகுசா' பெரிய வெற்றி. அதை எடுத்த சி. புல்லையா 1936இல் முழுக்க முழுக்கக் குழந்தைகளையே வைத்து 'சதி அனசூயா' எடுத்தார். அனசூயாவாக நடித்த சிறுமி சி. கிருஷ்ணவேணி. வளர்ந்து கதாநாயகி ஆனார், பாடகி ஆனார், தயாரிப்பாளரும் ஆனார். 1949இல் அவர் தயாரித்த 'மன தேசம்' படத்தில்தான் என்.டி. ராமாராவ் அறிமுகம்.

இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

பெரும்பாலான பையன்கள், சிறுவர்களையே வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, டி.கே.எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபா என்று ஒரு வரிசையே உண்டு. வீட்டில் கஷ்டம், கம்பெனியில் மூன்று வேளைச் சாப்பாடு. ஏழெட்டு வயதில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் அப்படிப் போனவர்கள். பி.யு. சின்னப்பாவும் அப்படித்தான். சிவாஜி கணேசனும் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவரே.

அங்கே வாத்தியார் வைத்ததுதான் சட்டம். பாட்டு, வசனம், தாளம் எல்லாம் அடித்துத் திருத்திச் சொல்லிக்கொடுப்பார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன் வேடம்), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொன்றிலும் பிள்ளையை நிறுத்திப் பார்த்து, எது ஒட்டுகிறதோ அதைக் கொடுப்பார்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். அப்படித் தயாரான குரல் பேசும்படத்துக்கு அப்படியே பொருந்தியது. அந்தப் படிப்பை நான் மதிக்கிறேன். பிள்ளைகள் அதற்காக வாங்கிய அடியை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழி, குடும்பமாகப் போவது. 1934இல்தான் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அதற்கு முன்னால் தமிழ்ப் படம் எடுக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். அவ்வளவு தூரம் பிள்ளையைத் தனியாக யார் அனுப்புவார்கள்? 'சீதா கல்யாணம்' (1934) படத்தைப் பாருங்கள். மராட்டியப் பக்கத்துப் பிரபாத் கம்பெனி எடுத்தது. மயிலாப்பூர் சுந்தரம் ஐயர் ஜனகராக நடித்தார். மகன் எஸ். ராஜம் ராமர், மகள் ஜெயலட்சுமி சீதை. ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சின்னப் பையன் இன்னொரு மகன் பாலசந்தர். உடன்பிறந்தவர்களே ராமரும் சீதையுமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் பாடத் தெரிந்த, வெளியூரில் மாதக்கணக்கில் தங்கக்கூடிய பிள்ளைகள் அப்படி ஒரே வீட்டில்தான் கிடைத்தார்கள்.

படப்பிடிப்பில் ஒரு குழந்தை என்ன செய்ய வேண்டியிருந்தது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். இன்றைக்குப் பாட்டு தனியாகப் பதிவாகிறது, பேச்சு டப்பிங்கில் சரியாகிறது. அன்றைக்கு கேமரா ஓடும்போதே பிள்ளை பாட வேண்டும், பாடிக்கொண்டே நடிக்க வேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கேமரா கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னாலோ தூணுக்குப் பின்னாலோ உட்கார்ந்திருப்பார்கள். மைக்கை விட்டு இரண்டடி விலகினால் குரல் தேய்ந்துவிடும். அதனால் ஓடியாட வேண்டிய கண்ணன், பாட்டு முடியும்வரை ஒரே இடத்தில் நிற்பான். பழைய படங்களில் குழந்தைகள் கட்டிப்போட்ட மாதிரி நின்று பாடுகிறார்களே என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அது நடிப்பின் குறை அல்ல. மைக் நகராது, அதனால் பிள்ளையும் நகரக்கூடாது.

பிலிமுக்கு ஒளி உணரும் திறன் குறைவு. அதனால் கண் கூசும் அளவுக்கு விளக்கு. டேக் நேரத்தில் மின்விசிறி ஓடக்கூடாது, மைக் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் ஜரிகை உடுப்பு, கிரீடம், முகத்தில் கனமான அரிதாரம். திறந்த வெளியில் எடுத்தால் காக்காய்த் தொல்லை. சென்னை ஸ்டுடியோக்களில் காக்காய் விரட்டத் தனி ஆள் வைத்தார்கள்.

ஒலியோடு எடுக்கும் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிடப் பாட்டு என்றால் 270 அடி. பிள்ளை இரண்டாவது நிமிடத்தில் தும்மினால் அதுவரை ஓடியது வீண். பிலிம் எல்லாம் கப்பலில் வந்த சரக்கு, விலை அதிகம். படத்துக்கு முப்பது நாற்பது பாட்டு சாதாரணமாக இருந்த காலம். ஆறேழு வயதுப் பிள்ளையின் தலையில் இருந்த பாரம் இதிலிருந்து தெரியும்.

பிலிமில் குரல் எங்கே இருந்தது?

ஊட்டியில் மட்டுமே இந்தக் கேள்வி வரும் என்று நினைக்கிறேன். இந்து நகர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் அப்பாவோ தாத்தாவோ வேலை பார்த்த வீடுகள் இங்கே நிறைய. 1960களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் எக்ஸ்ரே பிலிமும் தயாரானது, சினிமா பிலிமும் தயாரானது. 'இந்து' பிலிம் என்றால் மாவட்டமே அறியும். இப்போது மூடிக்கிடக்கிறது. அங்கிருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

35 மில்லிமீட்டர் பிலிம் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்தில் பல்சக்கரம் மாட்டும் துளைகள், நடுவில் படக் கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கத்தில் மட்டும், மெல்லிய பட்டை ஒன்று ஓடும். அதில் வெள்ளைக் கோடு விரிந்தும் ஒடுங்கியும் ரம்பப் பல் போலத் தெரிந்தால், அதுதான் குரல். ஒலியோடு பிலிம் வினாடிக்கு 18 அங்குலம் நகரும். வினாடிக்கு 150 முறை அதிரும் ஆண்குரல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டுப் பல்தான். 450 முறை அதிரும் குழந்தையின் உச்சஸ்தாயி என்றால் 25 பல் நெருக்கியடித்து நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெரியவர் பாடுகிறாரா, குழந்தை பாடுகிறதா என்று கேட்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்னொன்று. உதடு அசையும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அதன் சத்தம் இருக்காது. புரொஜெக்டரில் படம் பார்க்கும் இடமும் ஒலி படிக்கும் இடமும் வேறு வேறு. அதனால் சத்தத்தை 20 கட்டம் முன்னால் அச்சிடுவார்கள். பிலிம் அறுந்து ஒட்டும்போது பிள்ளையின் பாட்டில் ஒரு சொல் போய்விடும், படம் மட்டும் இருக்கும்.

குரல் உடைந்தால் என்ன ஆகும்?

நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பதிமூன்று, பதினான்கு வயதில் பையனுக்குத் தொண்டை மாறும். நேற்றுவரை கட்டை ஐந்தில், அதாவது உச்ச சுருதியில், நின்றவன் இன்று சாதாரண சுருதிக்கே திணறுவான். கம்பெனியில் அன்றோடு ராஜபார்ட் போய்விடும். பிள்ளை செய்த தப்பு எதுவும் இல்லை, உடம்பு வளர்ந்தது, அவ்வளவுதான். இந்தத் தொழிலின் மிகக் கொடுமையான இடம் இதுதான் என்பேன். பையனின் முழுச் சம்பாத்தியமும் ஒரு தொண்டையில் இருந்தது. அதற்கு வைத்த கெடுவோ எல்லோருக்கும் தெரியும்.

பி.யு. சின்னப்பா மகரக்கட்டு வந்தபோது கம்பெனியை விட்டார். சிலம்பம், கசரத்து என்று உடம்பைத் தேற்றினார், சங்கீதத்தை மறுபடி பயின்றார். 1936இல் 'சந்திரகாந்தா'வில் திரைக்கு வந்தார். 1940இல் 'உத்தமபுத்திரன்' இரட்டை வேடத்தில் பெரிய நட்சத்திரம். கெட்டுப்போன குரலை மீட்டெடுக்க அவருக்குக் கைகொடுத்தது பழைய பயிற்சி.

டி.ஆர். மகாலிங்கம் கதை வேறு. சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். மெய்யப்ப செட்டியார் அவரை 'நந்தகுமார்' (1938) படத்தில் கண்ணனாகப் போட்டார். அடுத்த வருஷம் 'பிரகலாதா'வில் பிரகலாதன். அந்தப் படத்தில் இந்திரனாக வந்தவர் எம்.ஜி.ஆர். வளர்ந்த பிறகும் மகாலிங்கத்துக்கு அந்த எட்டுக்கட்டைச் சாரீரம் போகவில்லை. 1945இல் 'ஸ்ரீ வள்ளி'யில் 'காயாத கானகத்தே' பாடியபோது இருபது வயது தாண்டிவிட்டது. குழந்தை நட்சத்திரம் கதாநாயகன் ஆன வெகு சில கதைகளில் இது ஒன்று.

பெண் குழந்தைகள்?

பேபி சரோஜாவைச் சொல்லாமல் எப்படி? கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பாலயோகினி' (1937) வந்தபோது அவருக்கு ஆறு வயதுகூட நிறைந்திருக்காது. சாதிக் கொடுமையையும் விதவைகள் படும் பாட்டையும் பேசிய படம். அதைப் பெரியவர்கள் வாயில் வைத்திருந்தால் பிரசங்கம் என்று சொல்லியிருப்பார்கள். குழந்தை கேட்டபோது ஊர் காது கொடுத்தது. பிறந்த பெண்பிள்ளைகளுக்குச் சரோஜா என்று பேர் வைத்தார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு சரோஜா பாட்டி இருந்தால் எந்த வருஷம் பிறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். 1939இல் 'தியாகபூமி'யில் சாரு. கல்கியின் கதை, பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரி. வெள்ளைக்கார அரசு அந்தப் படத்தைப் பிற்பாடு தடை செய்தது. 'காமதேனு'வுக்குப் பிறகு சரோஜா ஒதுங்கிக்கொண்டார்.

பேபி கமலா 1930களின் கடைசியில் நாலைந்து வயதில் திரைக்கு வந்தார். அவரிடம் இருந்தது நடனம். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்றார். 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதி பாட்டுக்கு அவர் ஆடியதைப் பார்த்து எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பரதம் கற்க அனுப்பினார்கள். அதுவரை அந்தக் கலையை வாசலிலேயே நிறுத்தியிருந்த வீடுகள் அவை. குமாரி ருக்மணியும் சிறுமியாக வந்தவர். 'ஸ்ரீ வள்ளி'யில் மகாலிங்கத்துக்கு ஜோடி. நடிகை லட்சுமியின் தாயார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வில் சின்ன மீராவாக வந்தவர் எம்.எஸ். வீட்டுப் பிள்ளை ராதா.

சம்பளம் யார் கைக்குப் போனது?

கம்பெனி முதலாளிக்கு, அல்லது அப்பாவுக்கு. பிள்ளையின் பேரில் சேமிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இங்கே இல்லை. 1938இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் ரயில்வே, துறைமுகம் போன்ற வேலைகளைப் பற்றியது. சினிமா அதன் கணக்கிலேயே இல்லை.

அமெரிக்காவிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. சாப்ளினோடு 1921இல் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. 1938இல் பெற்ற தாய் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டார். அடுத்த வருஷமே கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வழி செய்யும் சட்டம் வந்தது. அவர் பேரிலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடம்?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

பின்னணிப் பாட்டு வந்த பிறகு என்ன மாறியது?

நிறைய. 'நந்தகுமார்' படத்திலேயே ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். 'ஸ்ரீ வள்ளி'யில் ருக்மணியின் பாட்டுகளுக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பாடத் தெரியாத பிள்ளையும் நடிக்கலாம் என்ற நிலை வந்தது. பாரம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் பாடும் பிள்ளைக்கு இருந்த மவுசு போனது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல்ஹாசன் 'அம்மாவும் நீயே' என்று வாயசைக்கிறார். பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி, வளர்ந்த பெண்மணி.

பெரியவர்களான பிறகு எத்தனை பேர் நிலைத்தார்கள்?

கொஞ்சம் பேர். அதிலும் சினிமாவை மட்டும் நம்பியவர்கள் குறைவு. சுந்தரம் ஐயர் வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த 'சிவகவி'யில் (1943) முருகனாக வந்தார். அதிலேயே எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு ஜோடி ஜெயலட்சுமி. பிறகு ராஜம் ஓவியத்துக்கும் சங்கீதத்துக்கும் போய்விட்டார். சங்கீத மும்மூர்த்திகளின் படம் என்று பல வீடுகளில் மாட்டியிருப்பது அவர் வரைந்தது. கஞ்சிரா வாசித்த குட்டிப்பையன்தான் வீணை எஸ். பாலசந்தர். 1954இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவரும் அவரே.

மகரக்கட்டோ வயதோ வந்து வாசலை அடைத்தபோது இவர்கள் கையில் வேறொன்று இருந்தது: வீணை, தூரிகை, சலங்கை. அது இல்லாத பிள்ளைகளின் பேர், படத்தோடு விற்ற பாட்டுப் புத்தகத்தில் 'மாஸ்டர்' என்ற அடைமொழியோடு ஒரே ஒரு தரம் வருகிறது. அடுத்த படத்தில் காணோம். அந்தப் பேர்களைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

ஊட்டியில் ஷூட்டிங்குக்கு எங்கள் பிள்ளையைக் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்பலாம், சட்டம் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வந்தன. பதினான்கு வயது நிறையாத பிள்ளையை நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கே என்றால் நீலகிரி, கொடைக்கானல் என்றால் திண்டுக்கல். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசிய வங்கியில் பிள்ளையின் பேரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது.

அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். 'ஒரு நாள் வேலைதானே' என்பார்கள். ஒரு நாளானாலும் கேளுங்கள். அப்புறம் இந்த ஊர் குளிர். டிசம்பர் காலையில் தாவரவியல் பூங்கா புல்லில் உறைபனி படிந்திருக்க, கையில்லாத கவுனில் ஒரு சிறுமியை நிறுத்தி 'சிரிம்மா, சிரிம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குப் பல் கிட்டிப் போயிருந்தது. ஸ்வெட்டரும் பிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துக்கொண்டு நீங்களே கூட இருங்கள். டேக் முடிந்த உடனே போர்த்திவிடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பழைய படங்களை இப்போது பார்க்க முடியுமா?

சிலவற்றை மட்டும். 'காளிதாஸ்' போயே போய்விட்டது. 'தியாகபூமி' புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் அடிப்படையில் ஆனது, எளிதில் தீப்பற்றும். பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும், தண்ணீரிலும் அணையாது. தீயில் போனது பாதி. ஓடி முடிந்த பிரதியை அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கியது மீதி. 2003 ஜனவரியில் புனேயில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் வைத்திருந்த நைட்ரேட் சுருள்களும் தீயில் போயின.

வீட்டுப் பரணில் பழைய பிலிம் சுருளோ பாட்டுப் புத்தகமோ இருக்கிறது. என்ன செய்ய?

சுருளை முதலில் விளக்கு, அடுப்பு, வெயில் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டாலோ பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ பிரிக்க முயல வேண்டாம். தீக்குச்சி வைத்துப் பரிசோதிக்கவே கூடாது. புளித்த காடி வாசம் அடித்தால் அது பிற்கால அசிட்டேட் பிலிம். எரியும் பயம் குறைவு, ஆனால் கெட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் புனே காப்பகத்துக்கு எழுதுங்கள்.

பாட்டுப் புத்தகம் சின்னதுதான், இரண்டணாவுக்கு விற்றதாக இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் அழிந்துவிட்ட பிறகு, அதில் நடித்த பிள்ளை யார் என்பதற்கு புத்தகத்தில் உள்ள நடிகர் பட்டியல்தான் சாட்சி. நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரம் இல்லாத அலமாரியில், பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் சாதாரண வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது அட்டையின் உள்பக்கத்தில் யாராவது பென்சிலில் எழுதியிருந்தால் அழிக்காமல் கொடுங்கள். எந்தக் கொட்டகையில், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று குறித்து வைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது.